ஒரே பணம்: 2003 பாக்ஸ்டர் எஸ்ஸா, 2013 ஜிடி86-ஆ?

#1 புதுஸ்டியரிங்

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்க மட்டும் வந்துட்டிருந்தேன். இதுதான் என் முதல் இழை.

ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும், செகண்ட் ஹேண்ட்தான். கையில ஒரு தொகை சேர்ந்திருக்கு. அதுக்கு மேல ஒரு பைசா போட முடியாது, கடனும் வாங்க மாட்டேன். தினமும் ஆபீஸ் போக வேற வண்டி இருக்கு. இது வார இறுதிக்கு, அப்புறம் எப்பவாவது விடியக்காலை முழிப்பு வந்தா எடுத்துட்டுப் போக. ஆயில் மாத்துறது, பிரேக் பேட் மாத்துறது வரைக்கும் நானே பார்த்துப்பேன். அதுக்கு மேல போனா கை நடுங்கும்.

கண்ணுல பட்டது ரெண்டு. ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்றாங்க, அதுதான் குழப்பமே.

ஒண்ணு 2003 போர்ஷே பாக்ஸ்டர் எஸ். 986 தலைமுறை, 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், 260 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். ஓடினது 1,12,000 கிலோமீட்டர். இப்ப வச்சிருக்கிறவர் நாலாவது ஓனர்.

இன்னொண்ணு 2013 டொயோட்டா ஜிடி86. 2.0 லிட்டர், நாலு சிலிண்டர், 200 குதிரைத்திறன், இதுவும் மேனுவல். 74,000 கிலோமீட்டர், ரெண்டாவது ஓனர்.

கண்ணை மூடினா பாக்ஸ்டர் வருது. பேப்பர்ல கணக்குப் போட்டா 86 வருது. பழசா, புதுசா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 கிளட்ச்கால்

இதுல யோசிக்க என்ன இருக்கு? பாக்ஸ்டர். முதுகுக்குப் பின்னாடி ஆறு சிலிண்டர் கத்துறதை ஒரு தடவை கேட்டுட்டு வந்து இதே கேள்வியைத் திரும்பக் கேளு, பார்ப்போம்.

#3 நட்டுபோல்ட்

தம்பி, கிளட்ச்கால் பேச்சைக் கேட்டு உடனே பையைத் தூக்கிட்டு ஓடாதே. போன வருஷமும் மூணு பேருக்கு இதையேதான் சொன்னார். அவர்கிட்ட என்ன வண்டி இருக்குன்னு கேட்டுப் பார்.

முதல்ல உன் கேள்வியிலயே ஒரு திருத்தம். 2013 வண்டி புதுசு கிடையாது. பத்து வருஷம் தாண்டின எந்த வண்டியிலயும் ரப்பர் சமாச்சாரம் எல்லாம் ஒரு சுத்து முடிஞ்சிருக்கும்: சஸ்பென்ஷன் புஷ், என்ஜின் மவுண்ட், கூலன்ட் ஹோஸ், பெல்ட், டயர். இதெல்லாம் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் கெடுறதில்லை, காலண்டரைப் பார்த்தும் கெடும். ஷெட்டுல துணி போர்த்தி வச்சிருந்தாலும் கெடும். ஆகவே உனக்கு முன்னாடி நிக்கிறது பழசும் புதுசும் இல்லை. ஒண்ணு பழசு, இன்னொண்ணு ரொம்பப் பழசு.

ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். வண்டியோட விலை வருஷா வருஷம் இறங்கும். அதோட பாகங்களோட விலை இறங்காது. அந்த பாக்ஸ்டர் ஷோரூம்ல நின்னப்ப எந்த வகுப்பு வண்டியோ, அதோட கிளட்ச், ரேடியேட்டர், டேம்பர் எல்லாம் இன்னிக்கும் அதே வகுப்புதான். உனக்கு 86 விலைக்கு பாக்ஸ்டர் கிடைக்கலாம். 86-ஓட கிளட்ச் வேலைக்கு ஆகுற செலவுல பாக்ஸ்டரோட கிளட்ச் வேலை முடியாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே, பழைய விலையுயர்ந்த வண்டிக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும்.

86 பக்கம் வந்தா, அதுவும் சுபாரு பிஆர்இசட்டும் ஏறக்குறைய ஒரே வண்டிதான், பேட்ஜும் பம்பரும் சஸ்பென்ஷன் செட்டிங்கும்தான் வேற. ரெண்டு கம்பெனி பக்கமும் தேடலாம். உலகம் முழுக்க நிறைய ஓடுது, மாடிஃபை பண்றவங்களும் நிறைய. அவங்க கழட்டிப் போடுற ஒரிஜினல் பாகமே குவிஞ்சு கிடக்கும்.

என் கதையைச் சொல்றேன், வண்டி பேர் வேண்டாம். ஒரு சின்ன ஹேட்ச்பேக் விலைக்கு ரெண்டு கதவு வண்டி ஒண்ணு வாங்கினேன். பெயின்ட் பளபளன்னு இருந்தது, சீட்டெல்லாம் லெதர். வாங்கின நாலாவது வாரம் டேஷ்போர்டுல ஏபிஎஸ் விளக்கு எரிஞ்சுது, பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பார்க்கிற சமாச்சாரம். யூனிட்டே போயிருக்கு. புது யூனிட் விலையைக் கேட்டுட்டு போனை வச்சுட்டேன். பழைய யூனிட் ஒண்ணு தேடிப்பிடிச்சு வர்றதுக்கு அஞ்சு மாசம். அஞ்சு மாசமும் வண்டி ஜாக் ஸ்டாண்டு மேல, முன் சக்கரம் ரெண்டும் கழட்டின கோலத்துல நின்னுது. எலி உள்ள குடும்பம் நடத்திட்டுப் போச்சு. காசு போனதைக் கூட மறந்துட்டேன், அந்த அஞ்சு மாசத்தை மறக்க முடியலை. பழைய வண்டி வாங்குறவன் பணத்தோட சேர்த்துப் பொறுமையையும் எடுத்து வைக்கணும்.

அதனால நான் எப்பவும் சொல்றது இதுதான். கையில இருக்கிறதைப் பத்துப் பங்காக்கு. ஏழு பங்குல வண்டி வாங்கு. மூணு பங்கைத் தொடாதே. தொடாதேன்னு சொன்னாலும் முதல் வருஷமே தொடுவே, அது வேற விஷயம்.

#4 புதுஸ்டியரிங்

அப்ப 86-தான்னு சொல்றீங்களா அண்ணே?

#5 நட்டுபோல்ட்

ஏழு பங்குக்குள்ள எது வருதோ அதைச் சொல்றேன். நீ பார்த்த ரெண்டும் பத்துப் பங்குல நிக்குது போலிருக்கு.

#6 மழைக்கூரை

986 பாக்ஸ்டரை ஒன்பது வருஷமா வச்சிருக்கேன். 2.7, எஸ் இல்லை. அதனால கொஞ்சம் பேச எனக்கு உரிமை இருக்கு.

எல்லாரும் முதல்ல கேக்குறது ஐஎம்எஸ், அதாவது இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் பத்தி. அரைகுறையாப் பேசுறவங்கதான் அதிகம், அதனால விளக்கிடுறேன். கிராங்க் ஷாஃப்டுல இருந்து கேம் ஷாஃப்டுகளுக்கு செயின் ஓட்டுறதுக்காக நடுவுல ஒரு தண்டு இருக்கு. அதோட ஒரு முனையை, ஃப்ளைவீல் பக்கம், ஒரு சீல் பண்ணின பேரிங் தாங்குது. உள்ள இருக்கிற கிரீஸ் காலப்போக்குல கரைஞ்சு போயிடும், சீல் இருக்கிறதால என்ஜின் ஆயிலும் சரியா உள்ள போகாது. பேரிங் தேஞ்சு உடைஞ்சா தண்டு ஆடும், செயின் டைமிங் போகும், வால்வும் பிஸ்டனும் மோதும். அப்புறம் அது என்ஜின் இல்லை, பழைய இரும்பு.

ஆரம்பகால என்ஜின்கள்ல ரெட்டை வரிசை பேரிங், ஓரளவு திடம். சுமார் 2000-ல இருந்து 2005 வரை ஒற்றை வரிசை, அதுதான் வம்பு. தம்பி பார்க்கிற 2003 அதுக்குள்ள வருது. 2006-ல இருந்து 2008 வரை பெரிய பேரிங் போட்டாங்க, ஆனா என்ஜினைப் பிளக்காம அதை வெளிய எடுக்க முடியாது. 2009-ல வந்த புது என்ஜின்ல அந்தத் தண்டே இல்லை.

பயப்படுற அளவுக்கு எல்லா வண்டியிலயும் இது போறதில்லை. பெரும்பாலான வண்டி ஓடிட்டேதான் இருக்கு. ஒற்றை வரிசையில ஒரு வசதியும் உண்டு: கிளட்ச் மாத்த கியர்பாக்ஸை இறக்கும்போது இந்த பேரிங்கையும் மாத்திடலாம். ஆகவே விக்கிறவர்கிட்ட "ஐஎம்எஸ் பண்ணியாச்சா"ன்னு கேக்காதே, பண்ணியாச்சுன்னுதான் சொல்வார். கிளட்ச் எப்ப மாத்தினீங்க, அந்த பில்லைக் காட்டுங்கன்னு கேளு. பில்லுல பேரிங் கிட் எழுதியிருந்தா நல்லது. கிளட்ச் மட்டும் இருந்து பேரிங் இல்லைன்னா, அந்த ஓனர் எப்படிப்பட்டவர்னு அந்தத் தாளே சொல்லிடும்.

பேரிங்கை விட எனக்கு அதிகமா வேலை வச்சது ரெண்டு விஷயம். இதை யாரும் பேசுறதே இல்லை.

ஒண்ணு, இலை. ரேடியேட்டர் முன் பம்பரோட ரெண்டு வாய்க்குள்ள இருக்கு, எஸ்ல நடுவுலயும் ஒண்ணு சேர்த்து மூணு. அந்த வாய் வழியா காஞ்ச இலை, பேப்பர், தூசி எல்லாம் உள்ள போய், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மெத்தை மாதிரி படியும். மழைக்கு நனைஞ்சு ஊறி, அலுமினியத்தை அரிக்கும். டார்ச் எடுத்துட்டுப் போய் குனிஞ்சு அடிச்சுப் பாரு. உள்ள மக்கின இலை தெரிஞ்சா அந்த வண்டிக்கு பம்பரை ஒரு தடவைகூட கழட்டினதில்லைன்னு அர்த்தம்.

ரெண்டாவது, தண்ணி. துணிக் கூரை மடங்குற இடத்துல ரெண்டு பக்கமும் மழைத் தண்ணி வடியிற துளை இருக்கு. அது அடைச்சா தண்ணி நேரா கேபினுக்குள்ள. திருட்டைத் தடுக்கிற இம்மொபைலைசர் கன்ட்ரோல் யூனிட்டை வச்சிருக்கிறது எங்கன்னு நினைக்கிறீங்க? இடது சீட்டுக்கு அடியில, தரையில. கார்பெட் நனைஞ்சா யூனிட் காலி, வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. சீட்டுக்கு அடியில கையை விட்டு கார்பெட்டை அழுத்திப் பாரு, மூக்கை வச்சு மோந்தும் பாரு. வெட்கப்படாதே.

நல்ல செய்தி: 2003 மாடல்ல இருந்து பின் கண்ணாடி நிஜக் கண்ணாடி. அதுக்கு முந்தினது பிளாஸ்டிக், மடக்கி மடக்கி மஞ்சளாகி வெடிக்கும். என்னோடது பிளாஸ்டிக்.

#7 புதுஸ்டியரிங்

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விவரம் எங்கயும் படிச்சதில்லை.

#8 மழைக்கூரை

அக்கா.

#9 புதுஸ்டியரிங்

ஐயோ, மன்னிச்சுக்கங்க அக்கா.

#10 ஏழாயிரம்

86 ஓனர் பேசுறேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஆனா குறையை முதல்ல சொல்லிடுறேன்.

சுமார் 3,500-ல இருந்து 4,500 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு என்ஜின் சுத்துற சுத்து) வரைக்கும் இழுவையில ஒரு பள்ளம் இருக்கு. டெஸ்ட் டிரைவ்ல அந்த இடத்துலதான் நீ முந்தப் பார்ப்பே, வண்டி "இரு, வர்றேன்"னு சொல்லும். 6,000-க்கு மேல கொண்டு போனாதான் அதுக்கு உயிர் வரும். பாக்ஸ்டர் எஸ்ல இருந்து இறங்கி வந்து இதுல உக்காந்தா முதல் நாள் ஏமாத்தமா இருக்கும். காது பக்கமும் ஏமாத்தம்தான், குரல் கரகரன்னு ஒரு மாதிரி.

காலையில ஸ்டார்ட் பண்ணினா ஆரம்பகால வண்டிகள்ல சில்வண்டு மாதிரி கிரீச் கிரீச்னு ஒரு சத்தம் வரும், ஃப்யூயல் பம்ப் பக்கத்துல இருந்து. எரிச்சலா இருக்கும், ஆபத்து இல்லை. கியர்பாக்ஸ் சூடாகுற வரைக்கும் ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், அதுவும் சகஜம். சூடான பிறகும் முரண்டு பிடிச்சா யோசி.

இனிமே சொல்றதுதான் முக்கியம். 2012, 2013 வண்டிகளுக்கு வால்வ் ஸ்பிரிங் ரீகால் வந்தது, அதாவது கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு மாத்தித் தர்றது, 2018 கடைசியில. ஸ்பிரிங் உடைஞ்சா ஓடும்போதே என்ஜின் நின்னுடலாம். அதை மாத்த என்ஜினை வெளிய இறக்கிப் பிரிச்சுத் திரும்ப சீலன்ட் போட்டு மூடணும், லேசுப்பட்ட வேலை இல்லை. உன் வண்டி 2013. சேஸிஸ் நம்பரை டீலர்கிட்ட கொடுத்து ரீகால்ல வருதா, வந்தா முடிஞ்சிருக்கா, எப்ப முடிஞ்சது, அதுக்கு அப்புறம் எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு கேளு. வேலை முடிஞ்சு பல ஆயிரம் கிலோமீட்டர் சுத்தமா ஓடியிருந்தா, அது நேத்து முடிச்சதை விட நிம்மதி.

இனி நல்லது. எடை சுமார் 1,240 கிலோ, படுத்த என்ஜின், தரையோட ஒட்டி உக்காந்திருக்கும். கம்பெனியில இருந்து வந்தப்ப பல வண்டிகள்ல ப்ரியஸ்ல வந்த அதே ரக டயர்தான், 215 அகலம். வேணும்னே பிடிப்பைக் குறைச்சு வச்சிருக்காங்க. அதனால ஒரு சாதாரண வளைவுல, சாதாரண வேகத்துல, பின்பக்கம் நகர்றது உனக்குத் தெரியும். 260 குதிரை வண்டியில அதே விஷயம் தெரியிற வேகத்துல போனா லைசென்ஸ் போயிடும். பொது ரோட்டுல ஓட்டுறவனுக்கு இது பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன், கிளட்ச்கால் அண்ணனுக்குக் கோபம் வந்தாலும் சரி.

ஏழு ஏர்பேக், நழுவினா பிடிச்சு நிறுத்துற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் உண்டு. 986-ல அந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கேட்டு வாங்கினவங்களுக்கு மட்டும்தான் வந்தது. பார்க்கிற வண்டியில இருக்கான்னு சரிபாரு.

#11 கிளட்ச்கால்

கோபமெல்லாம் இல்லை. ஆனா ஸ்டியரிங் பத்தி ஒருத்தரும் பேசலையே? 986-ல ஹைட்ராலிக், எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யிறது. ரோட்டுல ஒரு கல்லு இருந்தா கைக்குத் தெரியும். 2012-க்கு அப்புறம் வந்த பாக்ஸ்டரே மின்சார ஸ்டியரிங்குக்கு மாறிடுச்சு, 2016-ல என்ஜினும் நாலு சிலிண்டர் டர்போ ஆச்சு. அந்த ஸ்டியரிங் திரும்ப வராது. அதுக்கு விலை உண்டா இல்லையா?

#12 ஏழாயிரம்

உண்டு. நட்டுபோல்ட் அண்ணன் சொன்ன அந்த மூணு பங்குதான் அதோட விலை.

#13 கணக்குப்பிள்ளை

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நீங்க எல்லாரும் செலவைப் பத்தியே பேசுறீங்க, விலைச் சரிவைப் பத்திப் பேசலை. பழைய வண்டி சரிய வேண்டிய அளவு சரிஞ்சாச்சு. மூணு வருஷம் ஓட்டிட்டு வித்தா ஏறக்குறைய போட்ட பணம் வரும். அஞ்சு வயசு வண்டி வாங்கினா ரிப்பேர் இருக்காது, ஆனா நிறுத்தி வச்சிருந்தாலும் தினம் கொஞ்சம் கரையும். ரிப்பேர்னா பில் வரும், கண்ணுக்குத் தெரியும். சரிவுக்கு பில் கிடையாது, விக்கிற அன்னிக்குத்தான் மொத்தமாத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா பில் வர்ற செலவு எப்ப வரும்னு நீ முடிவு பண்ண முடியாது. "கடன் வாங்க மாட்டேன், மேல ஒரு பைசா இல்லை"ன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்கே. அந்த ஒரு வரிதான் எனக்கு உன் பதில்.

#14 ரெட்லைன்

ரெண்டையும் விட்டுட்டு ஹோண்டா எஸ்2000 பாரு. 9,000 ஆர்பிஎம். வேற பேச்சே இல்லை.

#15 ஏழாயிரம்

பார்க்கலாம், பட்ஜெட்டை ரெட்டிப்பாக்கினா. அது சேகரிப்பாளர் கைக்குப் போய் வருஷமாச்சு. இப்ப வாங்குறவன் ஓட்டவே பயப்படுறான்.

#16 துருப்பிடிச்சவன்

பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 யாராவது சொல்றதுக்குள்ள நானே சொல்லிடுறேன், வேண்டாம். 3.2 லிட்டர், 343 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம், கேக்கவே சொர்க்கம். பின் சப்ஃபிரேம் பிடிக்கிற தரைத் தகடு விரிசல் விடும், கனெக்டிங் ராடு பேரிங் தேயும், வால்வ் இடைவெளியையே அவ்வப்போது கையால சரிபண்ணணும். நல்லா வச்சிருந்த வண்டி விலை மேல போயாச்சு, கீழே இருக்கிறது எல்லாம் மிச்சம்.

மாஸ்டா எம்எக்ஸ்-5, 2005-ல இருந்து 2015 வரை வந்த என்சி தலைமுறை, உன் பட்ஜெட்டுல ஏழு பங்குக்கே வரும். முதல் ரெண்டு தலைமுறையில கதவுக்குக் கீழ இருக்கிற சில் தகடு துருப்பிடிக்கும், அதுக்கும் காரணம் மழைக்கூரை அக்கா சொன்ன மாதிரி அடைச்ச வடிகால்தான். என் பேர் எங்கிருந்து வந்ததுன்னு நினைச்சீங்க? முதல் தலைமுறைக்கு ஜப்பான்ல கம்பெனியே பழுதுபார்த்துப் புதுசாக்கித் தர்ற திட்டம் 2018-ல தொடங்கினாங்க, நிறுத்தின சில பாகங்களைத் திரும்பச் செஞ்சாங்க. வாங்கின விலையைப் பார்த்து இல்லாம, எத்தனை பேர் இன்னும் ஓட்டுறாங்கன்னு பார்த்து வண்டி வாங்கணும்கிறதுக்கு அது உதாரணம்.

#17 புதுஸ்டியரிங்

எம்எக்ஸ்-5 உக்காந்து பார்த்தேன். நான் ஆறடி ரெண்டங்குலம். தலை கூரையில, முட்டி ஸ்டியரிங்ல.

#18 லிஃப்ட்மேன்

தொழிலே வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, வாங்குறவங்களுக்காகப் பார்த்துச் சொல்றது. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஆபத்தான வயசு ஒண்ணு உண்டு. அதோட விலை அடிமட்டத்தைத் தொடுற காலம். புதுசா இருக்கும்போது வாங்கினவருக்கு சர்வீஸ் பண்ண வசதி இருந்தது. ரொம்பப் பழசாகி மதிப்பு ஏறினதும் வாங்குறவர் தங்கம் மாதிரி பார்த்துப்பார். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தர் வருவார்: இருந்த கடைசிக் காசையும் போட்டு வாங்கிட்டு, சர்வீஸுக்குக் காசில்லாம ரெண்டு வருஷம் ஓட்டிட்டு, விளக்கு எரிஞ்சதும் வித்துடுவார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. நான் பார்த்த செத்த என்ஜின்ல பாதிக்கு மேல இந்த ஓனர்கள் காலத்துல செத்ததுதான்.

ஆகவே சர்வீஸ் புக்கை எடுத்தா முதல் பத்து பக்க ஸ்டாம்பைப் பார்த்து மயங்காதே. எந்த வருஷம் பில் நின்னுபோச்சுன்னு பாரு. 986 அந்த விலைப் பள்ளத்துல பல வருஷம் கிடந்த வண்டி. 86 இப்பதான் அந்தப் பக்கம் இறங்கிட்டிருக்கு, கூடவே டர்போ கிட் மாட்டி ஓட்டி, விக்கும்போது கழட்டிட்டு "ஸ்டாக் வண்டி", அதாவது கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்குன்னு சொல்றவங்களும் வந்தாச்சு. ஏர் பாக்ஸ் கிளிப், எக்ஸாஸ்ட் போல்ட்டோட தலை, ஒயரிங்ல கறுப்பு டேப், இதைப் பார்த்தா தெரிஞ்சிடும்.

சூடான என்ஜின் குறையை மறைச்சிடும், அதனால சொல்லாம போய் நில்லு. முடியலைன்னா, வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுப் போ.

#19 புதுஸ்டியரிங்

சனிக்கிழமை ரெண்டையும் பார்த்துட்டு வந்துட்டேன். கோர்வையா எழுதுறேன்.

பாக்ஸ்டர் முதல்ல. அழகுன்னா அழகு. கரும்பச்சை. ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு போன்ல ரெண்டு தடவை சொல்லியிருந்தேன். போனதும் பின் டிக்கியைத் திறந்து, ஆயில் டிப்ஸ்டிக் இருக்கிற பக்கம் கையை வச்சேன். தரை கதகதன்னு இருந்தது. எக்ஸாஸ்ட் குழாயும் சூடு. "இப்பதான் கழுவ வெளிய எடுத்தேன்"னார். வண்டி மேல ஒரு சொட்டு ஈரம் இல்லை.

டயர் நாலுலயும் தேதி பார்த்தேன். முன்னாடி ரெண்டு ஒரு கம்பெனி, பின்னாடி ரெண்டு வேற கம்பெனி. பின் டயர்ல நாலு இலக்கம் 2911-னு இருந்தது. 2011-ஓட 29-வது வாரம். ரோட்டுல படுற வரிப்பள்ளம் முக்கால்வாசி மிச்சம் இருக்கு, பக்கவாட்டுல முடி மாதிரி விரிசல். டார்ச் அடிச்சேன், வலது பக்க வாய்க்குள்ள இலை இருந்தது அக்கா. ஒரு பறவை இறகும்.

ஃபைல் கேட்டேன். தடியா ஒரு ஃபைல் கொடுத்தார். முதல் ரெண்டு ஓனர் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி வச்சிருக்காங்க. மூணாவது ஓனர் ஆறு வருஷத்துல நாலே பில், அதுல ஒண்ணு வைப்பர் பிளேடு. கிளட்ச் பில் எங்கயும் இல்லை. இவர்கிட்ட வந்து ரெண்டு வருஷம், ஆயில் ஒரு தடவை.

ஓட்டிப் பார்த்தேன். இதைச் சொல்லாம இருக்க முடியலை. கூரையைத் திறந்து மூணாவது கியர்ல 5,000 தாண்டினதும் அந்தச் சத்தம்... இறங்கும்போது கால் லேசா நடுங்கிச்சு. அப்படியே ஒத்துக்கிறேன், கையெழுத்து போடுற நிலைமையிலதான் இருந்தேன். "நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வர்றார்"னு அவர் சொன்னதும்தான் தெளிஞ்சது. வரட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

86. சிவப்பு, எனக்குப் பிடிக்காத நிறம். என்ஜின் சில்லுனு இருந்தது. ஸ்டார்ட் பண்ணினதும் சில்வண்டு கத்திச்சு, சிரிப்பு வந்துடுச்சு. ரீகால் வேலை முடிஞ்ச தாள் இருக்கு, 2019-ல முடிஞ்சிருக்கு, அதுக்கு அப்புறம் முப்பதாயிரத்துக்கு மேல ஓடியிருக்கு. ஏர் பாக்ஸ் கிளிப் எல்லாம் ஒழுங்கு. எக்ஸாஸ்ட் ஒரிஜினல். ஆனா முன் இடது ஃபென்டர்ல பெயின்ட் தடிமன் 280 மைக்ரான் காட்டுது, மத்த இடமெல்லாம் 120 பக்கம். ஃபென்டர் போல்ட் தலையில பெயின்ட் உரிஞ்சு ஸ்பானர் பட்ட தடம். பார்க்கிங்ல உரசினதுன்னார். ரெண்டாவது கியர் சொன்ன மாதிரியே காலையில முரண்டு, பத்து நிமிஷத்துல சரியாச்சு. வளைவுல திருப்பினா கை நினைச்ச இடத்துக்குப் போகுது. ஆனா கால் நடுங்கலை.

#20 நட்டுபோல்ட்

வண்டியைச் சூடாக்கி வச்சவர்கிட்ட என்ன மறைக்கிறீங்கன்னு கேட்டியா?

#21 புதுஸ்டியரிங்

கேக்கலை அண்ணே. சங்கடமா இருந்தது.

#22 நட்டுபோல்ட்

சரி விடு. கேட்டிருந்தாலும் இன்னொரு கதைதான் வந்திருக்கும்.

#23 மழைக்கூரை

அந்த பாக்ஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். கிளட்ச், பேரிங், நாலு டயர், ரேடியேட்டர் சுத்தம், தண்ணிப் பம்ப், இதெல்லாம் ஒரே தடவையில செஞ்சா அது அருமையான வண்டி. ஆனா அதைச் செய்யிற காசு விலையில கழிஞ்சிருக்கணும். இப்ப சொல்ற விலை, செஞ்சு முடிச்ச வண்டியோட விலை.

#24 லிஃப்ட்மேன்

86-ஐ லிஃப்ட்ல ஏத்தாம முடிவு பண்ணாதே. 280 மைக்ரான்னா திரும்பப் பெயின்ட் அடிச்சது நிச்சயம். ஃபென்டரோட நின்னுதா, உள்ள போச்சான்னு கீழ இருந்துதான் தெரியும். ரேடியேட்டர் தாங்குற குறுக்குச் சட்டம், முன் ரயில் (வண்டியோட நீளவாக்குச் சட்டம்) முனை ரெண்டும் நேரா இருக்கான்னு பார்க்கச் சொல்லு.

#25 புதுஸ்டியரிங்

லிஃப்ட்ல ஏத்தியாச்சு. சட்டம், ரயில் ரெண்டும் நேரா இருக்கு. ஃபென்டர் மட்டும் மாத்தியிருக்காங்க. பின் சஸ்பென்ஷன் புஷ் ரெண்டு வெடிச்சிருக்கு, முன் டயர் முடிஞ்சது. இந்த மூணையும் எழுதிக் காட்டி விலை பேசினேன். ஏழு பங்குக்கு வரலை, எட்டேகாலுக்கு வந்தது. நேத்து சாயந்தரம் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாச்சு.

காலையில அஞ்சரைக்கு முழிப்பு வந்தது. 6,500 வரைக்கும் கொண்டு போனேன். கால் கொஞ்சம் நடுங்கின மாதிரி இருந்தது, குளிரா இருக்கலாம்.

#26 ஏழாயிரம்

குளிர் இல்லை. வாழ்த்துக்கள்!

#27 நட்டுபோல்ட்

ஒண்ணே முக்கால் பங்கு மிச்சம் இருக்கு. பிரேக் ஆயிலை முதல்ல மாத்து, எப்ப மாத்தினாங்கன்னு பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கோ. அப்புறம் புஷ்.

#28 கிளட்ச்கால்

வாழ்த்துக்கள் தம்பி. நல்ல வண்டிதான், நான் ஒண்ணும் சொல்லலை.

ஒரு சின்ன விஷயம். அந்தக் கரும்பச்சை பாக்ஸ்டர் இன்னும் வித்துப் போகலைன்னா, அவர் நம்பரைத் தனிமடல்ல அனுப்ப முடியுமா? சும்மா பார்க்கத்தான்.

#29 நட்டுபோல்ட்

டார்ச் எடுத்துட்டுப் போங்க.

#30 கிளட்ச்கால்

எடுத்து வச்சாச்சு. பேட்டரிதான் போடணும்.